கெட்டதை நினைத்தால் கெட்டதே நடந்துவிடுமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 46. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே தினமும் பைக்கில் போய்வருகிறான். அவன் கிளம்பிய நாளிலிருந்து இவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மாலையில் போன் செய்து அவன் எடுக்கவில்லை என்றால் கை நடுங்குகிறது. வாட்ஸ்அப்பைத் திறந்து, அவன் கடைசியாக எத்தனை மணிக்கு வந்து போனான் என்று பார்க்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். "சேர்ந்துட்டியா?" என்று வரிசையாக மெசேஜ் போகிறது. பதில் வந்ததும் நிம்மதி, அதுவும் கொஞ்ச நேரம்தான். சமீபத்தில் மகன் பொறுமை இழந்து, "அம்மா, வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டான். கணவரோ, "சும்மா எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்காதே" என்கிறார். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. அக்காவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை அவ்வப்போது போட்டுக்கொள்கிறார். இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவே ஒரு சொற்பொழிவைக் கேட்டிருக்கிறார். எதை நினைக்கிறோமோ அதையே ஈர்க்கிறோம், பயந்தால் பயந்ததே நடக்கும் என்று அதில் சொன்னார்களாம். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, தினமும் இரவில் "என் மகன் பாதுகாப்பாக இருக்கிறான்" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறார். எழுதும்போது நடுவில் கெட்ட காட்சி ஏதாவது மனதில் வந்துவிட்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறார். தியானம் சொல்லித்தரும் ஆப் ஒன்றையும் முயன்று பார்த்தார். கண்ணை மூடி மூச்சைக் கவனித்ததும் இதயம் அடித்துக்கொள்வதுதான் பெரிதாகத் தெரிந்தது. சில நாளில் விட்டுவிட்டார்.

அவர் கேட்பது இது: "நான் நினைப்பதாலேயே என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? நோட்டில் எழுதுவதை நிறுத்தலாமா? தியானம்கூட வராத மனசு எனக்கு மட்டும்தானா? மாத்திரை ஆரம்பித்தால் காலம் முழுக்க விட முடியாது என்கிறார்களே, டாக்டரிடம் போகாமலே இதைச் சரிசெய்ய வழி உண்டா?"

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் வதைப்பது அதுதான். இல்லை. நீங்கள் நினைப்பதால் உங்கள் மகனுக்கு எதுவும் ஆகாது. நேற்று இரவு நீங்கள் எவ்வளவு பயங்கரமான காட்சியைக் கண்டிருந்தாலும் சரி, இன்று காலை அவன் பைக்கின் பிரேக்குக்கு அது தெரியாது.

உங்கள் எட்டு மாத அனுபவத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். இந்த எட்டு மாதத்தில் அவன் எங்கோ விழுந்து கிடக்கும் காட்சி உங்கள் மனதில் எத்தனை முறை ஓடியிருக்கும்? கணக்கே இருக்காது. அத்தனை முறையும் அவன் வீடு திரும்பியிருக்கிறான். எண்ணத்துக்கு அந்தச் சக்தி இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். அவன் பத்திரமாக இருப்பதைத் தீர்மானிப்பவை வேறு: தலைக்கவசத்தின் வார் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா, எவ்வளவு வேகத்தில் போகிறான், முந்தின இரவு தூங்கினானா, சாலை எப்படி இருக்கிறது, எதிரே வருகிறவர் ஒழுங்காக ஓட்டுகிறாரா. இந்தப் பட்டியலில் நீங்கள் இரவில் நினைத்தது என்று ஒரு வரி கிடையாது.

உளவியலில் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். எண்ணத்தையும் நிகழ்வையும் மனம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதைப் பற்றி ஷஃப்ரான், தோர்டார்சன், ராக்மன் ஆகியோர் 1996-இல் விரிவாக எழுதினார்கள். அந்தக் குழப்பத்தில் இரண்டு வகை உண்டு. நினைத்தால் நடந்துவிடும் என்று பயப்படுவது ஒன்று. இப்படி நினைப்பதே செய்ததற்குச் சமமான பாவம் என்று குமைவது இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. "பெத்தவளே இப்படி நினைக்கலாமா" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது வகை. இதே ராக்மன், டி சில்வாவோடு சேர்ந்து 1978-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநலப் பிரச்சினையும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு வேண்டாத எண்ணங்களும் காட்சிகளும் தானாக வந்து போவது தெரியவந்தது. அந்தக் காட்சிகளின் உள்ளடக்கம்கூட நோயாளிகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. மற்றவர்களுக்கு அது வருகிறது, போய்விடுகிறது. உங்களுக்கு அது வந்ததும், வந்ததே குற்றம் என்று நீங்கள் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறீர்கள். அதனால் தங்கிவிடுகிறது.

எதை நினைக்கிறோமோ அதை ஈர்க்கிறோம் என்று மேடையில் சொல்கிறவர்கள் நல்ல நோக்கத்தில்தான் சொல்லக்கூடும். ஆனால் ஏற்கெனவே கவலையில் இருக்கும் ஒரு தாயின் காதில் அது எப்படி விழும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. கவலைப்படுவது போதாதென்று, கவலைப்படுவதற்காகவும் கவலைப்பட வைத்துவிடுகிறார்கள். நீங்கள் இத்தனை நாள் சுமந்த குற்ற உணர்ச்சி உங்களுடையதே அல்ல. அதைத் தயவுசெய்து இறக்கி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வலிக்கும். என் எண்ணத்தால் கெட்டது நடக்கலாம் என்று நம்புகிற மனம், என் எண்ணத்தால் அதைத் தடுக்கவும் முடியும் என்று சேர்த்தே நம்புகிறது. அந்த நம்பிக்கையை விடும்போது பாரம் குறையும். கூடவே, அவனைத் தூரத்திலிருந்து காப்பாற்ற என்னால் முடியாது என்ற உண்மையும் எதிரே வந்து நிற்கும். முதல் சில நாட்கள் நிம்மதியைவிட வெறுமைதான் அதிகம் தெரியலாம். அது வந்தால், தவறான பாதையில் போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நோட்டை என்ன செய்வது

நல்ல வாக்கியத்தை எழுதுவதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். தனியாகப் பார்த்தால் தவறு இல்லை. ஆனால் நேர்மறையான வாக்கியங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக எண்ணுகிறவர்கள் "நான் அன்புக்குரியவள்" என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகத்தான் ஆனது. மனம் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே மறுப்பு எழுகிறது. நீங்கள் "பாதுகாப்பாக இருக்கிறான்" என்று எழுதும் ஒவ்வொரு முறையும், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது இல்லையா? அதுதான் இது.

இன்னும் முக்கியமானது, நீங்கள் பக்கத்தைக் கிழிப்பது. கெட்ட காட்சி வந்தால் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்ற நிலைக்கு வந்துவிட்டால், அது நல்லெண்ணம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. பயம் வருகிறது, ஒரு செயலைச் செய்கிறீர்கள், பயம் கொஞ்சம் இறங்குகிறது, அடுத்த நாள் அதே செயலை இன்னும் கறாராகச் செய்யச் சொல்லி மனம் கேட்கிறது. ஓ.சி.டி. என்று சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோய் இப்படித்தான் வேர் பிடிக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நேரில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதுவரை செய்யக்கூடியது: எழுதுவதை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், கிழிப்பதை மட்டும் நிறுத்துங்கள். கெட்ட காட்சி வந்தால் வரட்டும், அடுத்த வரியைத் தொடருங்கள். அந்தப் பக்கம் அப்படியே நோட்டில் இருக்கட்டும். பதற்றம் ஏறும். எதுவும் செய்யாமல் விட்டால் அது ஓர் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். பலருக்கு அரைமணி, ஒரு மணிநேரம் ஆகலாம். அது தானாக இறங்கும் என்பதை உங்கள் உடம்பு ஒருமுறை பார்த்துக்கொள்வதுதான் இங்கே பாடம். கிழிக்காமல் இருப்பது பழகிய பிறகு அரைப் பக்கம், அப்புறம் இரண்டு வரி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கலாம். தனியாகச் செய்யத் தாங்கவில்லை என்றால் சிகிச்சையாளரோடு சேர்ந்து செய்யுங்கள். இது அவர்கள் தினமும் செய்யும் வேலை.

"யோசிக்காதே" என்பது ஏன் உதவவில்லை

உங்கள் கணவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அது நடக்கிற காரியம் இல்லை. 1987-இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட, பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலில் அடக்கி வைத்தவர்கள் தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அடக்கினால் பின்னால் பெருகுகிறது. இரவு மூன்று மணிக்கு உங்கள் தலைக்குள் நடப்பதில் பாதி, பகல் முழுக்க நீங்கள் அடக்கிவைத்ததன் பாக்கி.

இதற்கு மாற்றாக 1983-இல் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவினரும் பரிந்துரைத்த எளிய முறை ஒன்று உண்டு. கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குவது. பகலில் கவலை வந்தால், "சரி, இதை ஆறரை மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு சீட்டில் குறித்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவது. ஆறரைக்கு உட்கார்ந்து அந்தச் சீட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் நான் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்பது. உண்டு என்றால் செய்துவிடலாம். இல்லை என்றால், அது பதில் இல்லாத கேள்வி என்று தெரிந்துகொண்டு விடலாம். படுக்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு மாதம் சேர்த்துவையுங்கள். நாள்பட்ட கவலை உள்ளவர்களை இப்படி எழுதவைத்து, எத்தனை நடந்தன என்று பின்னால் சரிபார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. 91 சதவீதக் கவலைகள் நடக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான், அதனால் அந்த எண்ணைவிட உங்கள் சீட்டுகள் சொல்லும் எண்ணையே அதிகம் நம்புங்கள்.

கவனத்தை எங்கே வைப்பது

தியானம் வராத மனசு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு மனசு கிடையாது. மனம் அலைவது தோல்வி என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களிடம் அவ்வப்போது போன் வழியாக, "இப்போது செய்யும் வேலையில் மனம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம், துல்லியமாக 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருந்தது. ஆக, அலைவது மனதின் இயல்பு. அலைந்ததைக் கவனித்துத் திரும்பி வருகிற அந்த ஒரு கணம்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை அலைந்தால் நாற்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

இதயம் படபடத்ததற்கும் காரணம் இருக்கிறது. மனப்பதற்றம் உள்ளவர்கள் கண்ணை மூடி உள்ளே கவனம் வைக்கும்போது, ஏற்கெனவே பயமூட்டும் உடல் அறிகுறிகளே பெரிதாகத் தெரியும். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டுவது போல ஆகிவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு முதல் பாடம் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உடம்பின் ஓரத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அதை இப்படிச் செய்யலாம்.

நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். குதிகால் தரையைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரம். பிறகு சுண்டுவிரல், பெரும்பாலோருக்கு அங்கே முதலில் எதுவும் தெரியாது, கொஞ்ச நேரம் போனால் லேசான சூடோ குளிர்ச்சியோ தெரியும். உடம்பின் எடையை மெல்ல வலது பாதத்துக்கு மாற்றுங்கள், பிறகு இடது பாதத்துக்கு. எந்தக் கணத்தில் அழுத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது என்று தேடுங்கள். நடுவில் மகன் நினைவு வரும். வரட்டும். "இதோ, அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது" என்று மனதுக்குள் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். "அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலாவதில் நீங்கள் காட்சிக்குள் இருக்கிறீர்கள். இரண்டாவதில் அதைப் பார்க்கிறவராக இருக்கிறீர்கள். சொன்னதும் மறுபடி குதிகால்.

மூன்று நிமிடம் போதும். காலையில் ஒருமுறை, வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நீச்சலை வெள்ளம் வந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது. சாதாரண நேரங்களில் பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

பாதம் பழகிய பிறகு ஓசைகளுக்குப் போகலாம்: அருகில் கேட்பது, தூரத்தில் கேட்பது, இரண்டுக்கும் நடுவில் கேட்பது. மூச்சுக்கு அப்புறம் வரலாம், அல்லது வராமலே இருக்கலாம். குழந்தைப் பருவத்திலோ பின்னரோ பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்கு இந்தப் பயிற்சிகளில் சில நேரம் பழைய காட்சிகள் மேலெழும். அப்படி ஏதாவது நடந்தால் நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம்.

இதில் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. இப்படிக் கவனத்தைப் பழக்குவதற்காக 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. மனப்பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் அந்த எட்டு வாரப் பயிற்சியையும், பரவலாகக் கொடுக்கப்படும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் இதை வைத்து மாத்திரை தேவையே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவர்கள் வாரம் ஒருமுறை இரண்டரை மணிநேர வகுப்பு, தினமும் முக்கால் மணிநேர வீட்டுப் பயிற்சி, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று செய்தவர்கள். ஆப்பில் பத்து நிமிடத்தோடு அதை ஒப்பிட முடியாது.

நல்லெண்ணத்தை இப்படி எழுதிப் பாருங்கள்

நல்லெண்ணம் வைப்பதையே விட்டுவிடச் சொல்லவில்லை. அதை வேறு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். உங்கள் நோட்டில் உள்ள வாக்கியம் உங்கள் கையில் இல்லாத ஒன்றைப் பற்றியது. "என் மகன் பாதுகாப்பாக இருக்கிறான்" என்பதை நீங்கள் நிறைவேற்ற முடியாது, சரிபார்க்கவும் முடியாது. நீங்கள் செய்யப் போவதைப் பற்றி எழுதுங்கள்.

கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர், தாமஸ் வாடனோடு சேர்ந்து 1991-இல் வெளியிட்ட ஆய்வு எடை குறைக்கச் சேர்ந்த பெண்களைப் பற்றியது. முடியும் என்று நம்பியவர்கள் அதிகம் குறைத்தார்கள். ஆனால் எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது போல இனிய கற்பனையில் திளைத்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். கற்பனையிலேயே மனம் திருப்தி அடைந்துவிடுகிறது. பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய வழி இன்னும் உபயோகமானது: "இன்ன நிலைமை வந்தால், இன்னது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. நிலைமை வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

உங்களுக்காக ஒன்றிரண்டு எழுதிப் பார்க்கிறேன். "மாலையில் அவன் போன் எடுக்கவில்லை என்றால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதத்தைத் தரையில் வைத்து மூன்று நிமிடம் உட்காருவேன். பிறகு கையில் இருந்த வேலைக்குத் திரும்புவேன்." "வாட்ஸ்அப்பில் அவன் கடைசியாக வந்த நேரத்தைப் பார்க்கக் கை போனால், இது கவலை என்று பெயர் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவேன்." "அவன் பேசும்போது, பத்திரமா என்று கேட்பதற்குப் பதிலாக, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பேன்." இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எட்டு மாதமாக நீங்கள் மகனோடு பேசியதில் பெரும்பகுதி அவன் உயிரோடு இருக்கிறானா என்ற விசாரணையாகவே இருந்திருக்கிறது. அவன் வேலை எப்படி, யாரோடு பழகுகிறான், எதற்குச் சிரித்தான் என்பதெல்லாம் அதில் விடுபட்டுப் போயிருக்கும்.

மகனிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், குற்றம் சாட்டாமல். "உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லப்பா, எனக்குப் பதற்றம் அதிகமாயிடுச்சு, அதைக் குறைக்க முயற்சி பண்றேன்" என்று சொன்னாலே அவன் குரல் மாறும். தினமும் இரவில் அவனாக ஒரு மெசேஜ் போடட்டும், நடுவில் நீங்கள் கேட்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். என்றைக்காவது அவன் மறந்துபோவான். அன்று என்ன செய்வீர்கள் என்பதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்துவிடுங்கள். கணவரிடமும் ஓர் உதவி கேளுங்கள்: "ஒன்றும் ஆகியிருக்காதுதானே?" என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது பதில் சொல்லாமல், "பதற்றமா இருக்கா? வா, கொஞ்சம் நடக்கலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தையும் அந்த நோட்டைப் போலத்தான். அளவு கூடிக்கொண்டே போகும்.

இரவு மூன்று மணி விழிப்புக்கு: போனையும் கடிகாரத்தையும் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணிநேரம் போல ஆகிறது.

டாக்டரும் மாத்திரையும்

டாக்டரிடம் போகாமலே சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டீர்கள். லேசான கவலைக்கு உண்டு. உங்கள் நிலைமை அதைத் தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், கட்டுப்படுத்த முடியாத கவலை. கூடவே தூக்கக் கேடு, எரிச்சல், உடல் இறுக்கம், கவனம் நிலைக்காமை, எளிதில் களைப்பு போன்றவற்றில் சில இருந்தால், முறையான மதிப்பீடு தேவை என்பதே பொதுவான மருத்துவ அளவுகோல். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், இதயம் படபடக்கும், தூக்கம் கெடும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றங்களாலும் இவை வரலாம். ரத்தசோகையும் ஒரு காரணம். இவற்றைப் பரிசோதித்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

மனநல மருத்துவரிடம் போனாலே மாத்திரை என்று எண்ண வேண்டாம். கவலைக்கும் ஓ.சி.டி.க்கும் பேச்சு வழிச் சிகிச்சை முன்னணியில் இருக்கிறது. மாத்திரை பரிந்துரைத்தால், எதற்கு, எவ்வளவு காலம், பக்க விளைவு என்ன, வேறு வழி என்ன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரவும் உரிமை உண்டு. நீங்கள் பேசுவது ரகசியமாக வைக்கப்படும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால்தான் அது தளரும். காலம் முழுக்க விட முடியாது என்பது தவறான எண்ணம். கவலைக்கு வழக்கமாகத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அடிமைப்படுத்துவதில்லை. குணம் தெரிந்த பிறகும் சில மாதங்கள் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

அந்த பயம் உண்மையில் பொருந்துவது நீங்கள் இப்போது ரகசியமாகப் போடும் மாத்திரைக்கு. தூக்க மாத்திரைகளில் பல வகைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. அக்காவின் உடம்புக்கும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் ஏற்ப எழுதப்பட்டது உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. எப்போதாவது மட்டும் போடுவதாக இருந்தால் இன்றோடு போதும். தினமும் போடும் நிலைக்கு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி அவர் வழியில் குறையுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கணவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரின் எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். அதனால் ஒரு தாளில் முன்பே எழுதிக்கொண்டு போங்கள்: கவலை எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது, நோட்டுக்கும் போன் பார்ப்பதற்கும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, இதனால் வேலையில் என்ன பாதிப்பு, அக்காவின் மாத்திரையின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுகிறீர்கள். பக்கம் கிழிப்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். எந்தச் சிகிச்சையைக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்வதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உதவும்.